பழகாத நிலத்தில் மான் வேட்டை: எவ்வளவு தூரத்துக்குத் தயாராவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவின் ஓக் காட்டில் பரணில் உட்கார்ந்து மான் சுட்டுப் பழகியவர்கள், முதல் தடவையாக வயோமிங் பக்கம் மியூல் மான் தேடிக் கிளம்பும்போது கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டி அலுத்துப்போய் இங்கே தொகுத்துவிட்டேன். அமெரிக்காவில் வேட்டையாடும் தமிழர்களை மனதில் வைத்து எழுதியது. தூரம் எல்லாம் கெஜக் கணக்கில். 100 கெஜம் என்றால் சுமார் 91 மீட்டர்.

முதல்ல ஒண்ணு. எச்-1பி விசாவில் இருக்கிறேன். நான் வேட்டைக்குப் போகலாமா?

கூட்டரசுச் சட்டப்படி, குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அவற்றில் ஒன்று. உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் அதோடு போய்விடும். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் தனி நிபந்தனைகள் வைக்கலாம் என்பதால், துப்பாக்கிக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது. பென்சில்வேனியாவில் முதல் தடவை உரிமம் வாங்குபவர் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். வயோமிங்கில் 1966 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களிடம் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

ஊருக்குப் போகும்போது இதையெல்லாம் அங்கேயும் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. இந்தியாவில் மான் வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இங்கே 60, 70 கெஜத்துலதான் மான் பார்க்கிறோம். அங்கே எல்லாரும் 500 கெஜத்துல சுடுறாங்களாமே, நிஜமா?

வீடியோவில் சுடுகிறார்கள். நிஜத்தில் வயோமிங்கின் சேஜ்பிரஷ் புதர்க்காட்டிலும் மலையடிவாரங்களிலும் பெரும்பாலான மான்களை நிதானமாக 150 முதல் 300 கெஜத்துக்குள் எடுத்துவிடலாம். கண்ணுக்கு மான் தெரிவது ஒரு மைலுக்கு அப்பால் என்பதால், சுடுவதும் தூரத்திலிருந்துதான் என்று மனது கணக்குப் போட்டுவிடுகிறது. பார்க்கும் தூரமும் சுடும் தூரமும் வேறு வேறு. இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் அதுதான்.

இன்னொன்று, ‘வயோமிங்’ என்று ஒரே நிலம் கிடையாது. வடகிழக்கு மூலையில் இருக்கிற பிளாக் ஹில்ஸ் பைன் மரக்காடு. அங்கே, பென்சில்வேனியாவில் நாம் சுடுகிற அதே வெள்ளைவால் மான்கள் நிறைய. தூரமும் பென்சில்வேனியாக் காட்டுத் தூரம்தான். மேற்கே வயோமிங் ரேஞ்ச் மலைகளில் திறந்த சரிவுகளும் ஆஸ்பன் தோப்புகளும் மாறி மாறி வரும். தெற்கில் ரெட் டெசர்ட் பக்கம் போனால் ஒளிந்துகொள்ள முழங்கால் உயரப் புதர்தான் கிடைக்கும். பென்சில்வேனியாவிலும் எல்லாம் கிட்டக் கிட்ட என்று சொல்ல முடியாது. மின்கம்பிப் பாதையிலும், சுரங்கம் மூடி மண் நிரப்பிய புல்வெளியிலும் 250 கெஜம் சாதாரணம்.

சரி, அப்போ நான் எவ்வளவு தூரம் வரைக்கும் சுடலாம்? ஒரு எண் சொல்லுங்க.

எண்ணை நான் சொல்ல முடியாது, உங்கள் தட்டுதான் சொல்லும். 8 அங்குல விட்டமுள்ள காகிதத் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ அந்த அளவு. மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடக் கூடாது. காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி: தரையில் உட்கார்ந்து, முழங்கால் ஊன்றி, முதுகுப்பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து. கொஞ்சம் ஓடிவிட்டு மூச்சு வாங்கும்போதே சுடுங்கள். குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் குண்டுதான் கணக்கு. எந்தத் தூரத்தில் அந்த முதல் குண்டு ஒவ்வொரு தடவையும், ஒன்றுகூடத் தவறாமல், தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை.

கணக்கும் எளிது. மேசையில் 100 கெஜத்தில் 1 அங்குலத்துக்குள் மூன்று குண்டு போடும் ரைஃபிள், அதே ஆள் சரிவில் உட்கார்ந்து சுட்டால் 4 அங்குலத்துக்குப் பரவும். இது மோசமான சுடுதல் அல்ல, நல்ல சுடுதல்தான். 100-ல் 4 என்றால் 200-ல் 8. தட்டு அங்கேயே நிரம்பிவிட்டது. ரைஃபிள் 500 கெஜத்துக்குத் தயாராக இருந்தாலும் ஆள் 200-ல் நிற்கிறார். நிறையப் பேருக்கு இந்த இடத்தில் முகம் சுருங்கிவிடும்.

எனக்கு 100 கெஜ ரேஞ்ச்தான் பக்கத்துல இருக்கு. 300-க்கு எப்படிப் பயிற்சி எடுக்கிறது?

இலக்கைச் சின்னதாக்குங்கள். 300 கெஜத்தில் 8 அங்குலத் தட்டு கண்ணுக்குத் தெரியும் அளவு, 100 கெஜத்தில் சுமார் இரண்டே முக்கால் அங்குல வட்டம். அதை உட்கார்ந்த நிலையில் தொடர்ந்து அடிக்க முடிந்தால் உங்கள் கை 300-க்குத் தயார். குண்டு போகப் போகக் கீழே இறங்குவதும் காற்று அதைத் தள்ளுவதும் மட்டும் இதில் தெரியவராது. அதற்கு ஒரு நாளாவது காரெடுத்துக்கொண்டு 300 கெஜ ரேஞ்ச் இருக்கிற இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட அட்டவணையை நம்பிக் கிளம்பாதீர்கள். அது வேறொரு குழலில் சுட்டு எடுத்த கணக்கு.

வீட்டில் வெற்றுத் துப்பாக்கியோடு செய்யும் பயிற்சியையும் குறைத்து எண்ண வேண்டாம். தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இல்லை என்று இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, நின்ற நிலையிலிருந்து உட்கார்ந்து, பையைச் சரிசெய்து, ஸ்கோப்பில் (துப்பாக்கி மேல் மாட்டிய குறிபார்க்கும் தொலைநோக்கி) இலக்கைப் பிடித்து விசையை அழுத்தும்வரை எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். மான் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வினாடிதான் நிற்கும். மலிவாகச் சுட்டுப் பழகச் சின்னத் தோட்டா போடும் .22 ரைஃபிள் இருந்தால் இன்னும் நல்லது. அதன் குண்டு 100 கெஜத்திலேயே காற்றில் நன்றாக விலகும் என்பதால் காற்றைப் படிக்கவும் கற்றுக்கொடுக்கும்.

படுத்துச் சுட்டா நல்லா வருது. அப்படியே சுடலாம்தானே?

இடம் கிடைத்தால் சுடுங்கள், அதைவிட நிலையானது இல்லை. ஆனால் சேஜ்பிரஷில் படுத்தால் கண்ணுக்கு முன்னால் புதர் மட்டும்தான். குட்டையான பைபாட் (குழலுக்குக் கீழே மாட்டும் இரண்டுகால் தாங்கி) மாட்டிக்கொண்டு போனவர்கள் அதைச் சும்மா சுமந்து திரும்பியிருக்கிறார்கள். உட்கார்ந்த உயரத்துக்கு விரியும் மூன்றுகால் தாங்கியோ, இரண்டு கோலைக் கட்டிய சுடுகோலோதான் அந்த நிலத்துக்கு உபயோகம். விசையை அழுத்தும் கையின் முழங்கைக்குக் கீழே பையைத் திணித்தால் ஆட்டம் பாதியாகக் குறையும்.

பாறையின் மேல் வைத்துச் சுடும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. ஸ்கோப் குழலுக்கு மேலே சுமார் ஒன்றரை அங்குலத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்கோப்பில் வழி சுத்தமாகத் தெரியும். குழலின் வாய்க்கு நேர் எதிரே பாறை விளிம்பு இருக்கும். சுட்டால் கல்தான் தெறிக்கும். விசையைத் தொடுவதற்கு முன் ஒரு தடவை தலையைத் தூக்கிக் குழல் வாயைப் பார்த்துவிடுங்கள்.

தாத்தா காலத்து 30-30 ஒண்ணை நண்பர்கிட்ட வாங்கினேன். அதுவே போதுமா, 6.5 கிரீட்மோர் வாங்கணுமா?

இந்த எண்களெல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள்; அதைச் சுடும் ரைஃபிளையும் அதே பெயரில் சொல்வோம். 30-30 பென்சில்வேனியாக் காட்டுக்காகவே பிறந்த துப்பாக்கி. 150 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு வினாடிக்குச் சுமார் 2,390 அடி வேகத்தில் கிளம்பும். 100-ல் ஸீரோ செய்தால், அதாவது 100 கெஜத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்தால், 200-ல் சுமார் 8 அங்குலம் இறங்கிவிடும். 150 கெஜம் வரை கவலையில்லாமல் சுடலாம். ரப்பர் போன்ற மென்முனை வைத்த புதுத் தோட்டாக்கள் கொஞ்சம் கூடுதல் தூரம் கொடுக்கும். லீவர் ரைஃபிளின் குழாய்த் தோட்டா அறையில் ஒன்றின் முனை முன்னதன் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்பதால், சாதாரணக் கூர்முனைத் தோட்டாவை அதில் போடவே கூடாது.

திறந்த நிலத்துக்குப் போகிறவரிடம் .308, .270, 30-06, 6.5 கிரீட்மோர் இவற்றில் எது இருந்தாலும் போதும். 300 கெஜத்துக்குள் இவற்றுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தை மானால் கண்டுபிடிக்க முடியாது. புது ரைஃபிள் வாங்கும் காசில் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள். அதிகத் தூரத்துக்காக மருந்து கூடுதலாக அடைத்த மேக்னம் வகை வாங்கி, அதன் உதைக்குப் பயந்து விசையை இழுக்கிற நொடியில் கண்ணை மூடிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய எல்லை குறைந்துதான் போனது.

ஸீரோ 100-லயா 200-லயா?

காட்டில் மட்டும் சுடுவதென்றால் 100 போதும். வயோமிங்குக்கு 200. .308-இல் 150 கிரெய்ன் குண்டை வைத்துச் சொல்கிறேன்: 200-ல் ஸீரோ செய்தால் 100-ல் இரண்டு அங்குலம் அளவுக்கு மேலே விழும், 300-ல் சுமார் 8 அங்குலம் கீழே, 400-ல் இரண்டு அடி கீழே. .270 கொஞ்சம் தட்டையாகப் போகும்; 300-ல் 6, 7 அங்குலம். அதாவது கையருகிலிருந்து 240, 250 கெஜம் வரை எதையும் யோசிக்காமல் நெஞ்சின் நடுவில் வைத்து விசையை அழுத்தலாம். அந்த யோசிக்காத தூரம்தான் களத்தில் பெரிய உதவி.

100-ல் ஸீரோ செய்த அதே .308, 300-ல் பதினான்கு அங்குலம் வரை இறங்கும். மானின் முதுகுக்கு மேல் காற்றில் குறிவைக்க வேண்டிய நிலை. பதற்றத்தில் யாருக்கும் அது சரியாக வராது.

பார்க்காத இடத்துக்குப் போறோம். தூரம் எப்படி இருக்கும்னு வீட்டிலிருந்தே தெரிஞ்சுக்க முடியுமா?

முடியும், நான் மிகவும் ரசிக்கிற வேலையும் இதுதான். கூகுள் எர்த்தோ ஆன்எக்ஸ் வரைபடமோ திறந்துகொள்ளுங்கள். மான் மேயக்கூடிய சரிவுகளையும் அது பகலில் படுக்கும் நிழலான பள்ளங்களையும் குறியுங்கள். பிறகு நீங்கள் உட்காரக்கூடிய எதிர் முகட்டிலிருந்து அங்கே வரை அளவுகோலை இழுங்கள். பள்ளத்தாக்கு 600 கெஜ அகலம் என்று வந்தால், எதிர்ச்சரிவிலிருந்து சுடுவது நடக்காது என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். அங்கே உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். இறங்கி அந்தப் பக்கம் ஏறி, பக்கவாட்டு முகட்டின் பின்னால் வந்தால் 200 ஆகிறதா என்று அடுத்த கோட்டை இழுங்கள். சமவுயரக் கோடுகளைப் பார்க்கத் தெரிந்தால் எந்த ஓடைப்பள்ளம் ஆளை மறைக்கும் என்பதும் புரியும். இப்படி இருபது முப்பது கோடு இழுத்த பிறகு உங்கள் இடத்தின் இயல்பான தூரம் கைக்கு வந்துவிடும். அதற்குத் தகுந்த பயிற்சி எடுங்கள்.

வரைபடத்தில் நில உரிமையையும் சேர்த்தே பாருங்கள். பிஎல்எம் என்ற கூட்டரசு நில நிர்வாகத் துறையின் நிலமும் தேசியக் காடும் பொது; நடுவில் தனியார் பண்ணை சதுரம் சதுரமாகக் கிடக்கும். வெளிமாநிலத்தவர் வயோமிங்கில் ‘வில்டர்னஸ்’ என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குள் மான் போன்ற பெரிய விலங்கை வேட்டையாட, உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்க்காரரோ கூடவர வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. தேசியக் காடாக இருந்தாலும் அந்த எல்லைக்கோட்டுக்குள் போனால் இது பொருந்தும்.

கண்ணாலேயே தூரம் சொல்லிடுவேன். ரேஞ்ச்ஃபைண்டர் தேவையா?

நம் காட்டில் தேவையில்லை. அங்கே அவசியம் வேண்டும். வறண்ட, தெளிந்த காற்றில் எல்லாமே கிட்ட இருப்பதாகத் தோன்றும். நடுவில் பள்ளம் இருந்தால் கண் அதை விழுங்கிவிட்டு இன்னும் குறைத்துச் சொல்லும். மங்கிய வெளிச்சத்தில் நிழலில் நிற்கும் மான் தள்ளி இருப்பதாகத் தோன்றும். மியூல் மான் வெள்ளைவாலைவிட உடம்பு பெரியது என்பதால், வெள்ளைவாலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இருக்கும் தூரத்தைவிட அருகில் நிற்பதுபோல் இருக்கும். மேலே சொன்ன .308-இல் 300 என்று நினைத்தது 350 ஆக இருந்தால், குண்டு 7 அங்குலம் கூடுதலாக இறங்கும். நெஞ்சுக்கு வைத்தது காலில் விழும்.

கருவியை வாங்கும்போது, பெட்டியில் 1,000 கெஜம் என்று போட்டிருந்தால் அது பளபளப்பான இலக்குக்கு. மானின் மேல் அதில் பாதி கிடைத்தாலே சந்தோஷப்படலாம்.

ரேஞ்ச்ஃபைண்டர் ஒவ்வொரு தடவையும் வேற வேற எண் காட்டுது. எதை நம்புறது?

முன்னால் இருக்கும் புல்லையோ பின்னால் இருக்கும் சரிவையோ அது பிடிக்கிறது. மான் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை, தடித்த புதர் என்று எதையாவது மூன்று நான்கு தடவை அளந்து, திரும்பத் திரும்ப வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கருவியைப் பையின் மேலேயோ கோலின் மேலேயோ ஊன்றிப் பிடித்தால் பாதித் தொல்லை தீரும்.

இதைவிட நல்ல பழக்கம், உட்கார்ந்தவுடனே சுற்றிலும் அளந்துவிடுவது. அந்த வெள்ளைப் பாறை 180, பட்ட மரம் 240, ஓடை வளைவு 310 என்று மனதில் வைத்துக்கொண்டால், மான் வரும்போது கருவியைத் தேட வேண்டியதில்லை.

காற்றுக்கு எவ்வளவு தள்ளி வைக்கணும்?

திறந்த நிலத்தில் தூரத்தைவிடப் பெரிய வில்லன் காற்றுதான். தூரத்தை அளக்கக் கருவி இருக்கிறது. காற்றை உங்கள் கன்னத்தில்தான் அளக்கிறீர்கள், பள்ளத்தாக்கின் நடுவில் அது வேறு திசையில் வீசிக்கொண்டிருக்கும். மணிக்கு 10 மைல் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, .308-இன் 150 கிரெய்ன் குண்டை 200-ல் 3 அங்குலம், 300-ல் 7 அங்குலம், 400-ல் 14 அங்குலம் தள்ளும். 6.5 கிரீட்மோரின் நீளமான குண்டுக்கு 300-ல் 5 அங்குலம். தூரம் இரண்டு மடங்கானால் விலகல் நான்கு மடங்குக்கும் மேலே போகிறது என்பதைக் கவனியுங்கள்.

வயோமிங்கில் 10 மைல் காற்று என்றால் அமைதியான நாள். புல் தொடர்ந்து சாய்ந்திருந்து, சேஜ்பிரஷ் கிளைகள் ஆடிக்கொண்டே இருந்தால் 15-க்கு மேல். அன்றைக்கு என் எல்லையை 200 ஆக்கிவிடுவேன். தள்ளிக் குறிவைத்து மானின் உடம்புக்கு வெளியே குறுக்குக்கோட்டை வைக்க வேண்டி வந்தால், அது சுடக்கூடிய தூரம் இல்லை என்பது என் கருத்து. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் என்னைவிட நன்றாகச் சுடுபவர்களாக இருக்கலாம்.

மலைச்சரிவுல மேல்நோக்கிச் சுட்டா குண்டு இறங்கும், கீழ்நோக்கிச் சுட்டா ஏறும்னு சொல்றாங்களே?

இரண்டிலும் குண்டு நீங்கள் எதிர்பார்த்ததைவிட மேலேதான் விழும். புவியீர்ப்பு குண்டைப் படுக்கைவாட்டுத் தூரத்துக்கு மட்டுமே இறக்குகிறது. 30 டிகிரி சரிவில் நேர்க்கோட்டில் 300 கெஜம் என்றால், படுக்கைவாட்டில் 260 தான். 260-க்குக் குறிவையுங்கள். கவனிக்காமல் 300-க்கு வைத்தால் நான்கு அங்குலம் மேலே போகும். இப்போது வரும் ரேஞ்ச்ஃபைண்டர்கள் பலவும் இந்தக் கணக்கைத் தாமே போட்டுவிடுகின்றன. கால் வலிக்க ஏறும்போது 45 டிகிரி என்று தோன்றும் சரிவு பெரும்பாலும் 25, 30 தான் இருக்கும். 200 கெஜத்துக்குள் இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

செங்குத்தாகக் கீழே சுடும்போது குண்டு எங்கே வெளியேறும் என்று யோசியுங்கள். முதுகுப் பக்கமாக நுழைந்து, நெஞ்சின் அடிப்பக்கத்தில் எதிர் முன்காலுக்கு அருகே வெளியே வர வேண்டும். நுழையும் புள்ளியை மட்டும் பார்த்தால் ஒரே ஒரு நுரையீரலை உரசிக்கொண்டு போகும்.

உயரமான இடத்துல காற்று மெலிசு, குண்டு மாறிப் போகுமாமே?

7,000 அடி உயரத்தில் குண்டு கொஞ்சம் குறைவாக இறங்கும். 300 கெஜத்தில் அது ஓர் அங்குலம் அளவுதான், விட்டுவிடுங்கள். உயரம் பாதிப்பது உங்கள் மூச்சை. அதனால்தான் ஓடிவிட்டுச் சுட்டுப் பாருங்கள் என்று முன்பே சொன்னேன்.

ஸ்கோப்ல குறுக்குக்கோட்டுக்குக் கீழே சின்னக் கோடுகள் இருக்கே, அது 300, 400-ன்னு அப்படியே வச்சுச் சுடலாமா?

அமெரிக்காவில் விற்கும் வேட்டை ஸ்கோப்புகளில் பெரும்பாலானவற்றில் உருப்பெருக்கத்தை மாற்றினாலும் கோடுகளின் அளவு மாறாது. அப்படிப்பட்ட ஸ்கோப்பில் அந்தக் கோடுகள் ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் சரி, பொதுவாக அதிகபட்சத்தில். 3-9 ஸ்கோப்பை 9-இல் வைத்தால் 300-க்குச் சரியாக இருக்கிற கோடு, 4.5-இல் வைத்தால் இரண்டு மடங்கு இறக்கத்துக்கான கோடாக மாறிவிடும். மான் திடீரென்று எழுந்து நிற்கிறது, ஸ்கோப் 5-இல் இருக்கிறது, கீழ்க்கோட்டை வைத்து அழுத்துகிறீர்கள் என்று வையுங்கள். குண்டு முதுகுக்கு மேலே போய்விடும்.

உங்கள் எல்லை 250 கெஜம் என்றால் அந்தக் கோடுகளை மறந்துவிடுங்கள். 200 ஸீரோவே போதும்.

மான் நடந்துகிட்டே இருக்கு, நிக்கவே இல்லை. கொஞ்சம் முன்னாடி வச்சுச் சுடலாமா?

50 கெஜத்தில் மெல்ல நடக்கும் மான் என்றால் யோசிக்கலாம். 300-ல் வேண்டவே வேண்டாம். .308 குண்டு 300 கெஜம் போக மூன்றில் ஒரு வினாடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். மணிக்கு 3 மைல் வேகத்தில் சாதாரணமாக நடக்கிற மான் அதற்குள் ஒன்றரை அடிக்கு மேல் நகர்ந்துவிடும். நெஞ்சுக்குக் குறிவைத்தது குடலில் விழும். நடுவில் அது நின்றால் முன்னால் வைத்த குண்டு காற்றில் போகும்.

நம் காட்டில் செய்வதுபோல ‘மே’ என்று சத்தம் கொடுத்து நிறுத்துவது 100 கெஜத்துக்குள் நன்றாக வேலை செய்யும். தூரத்தில் காத்திருப்பதுதான் வழி. மியூல் மானிடம் ஒரு நல்ல குணம், கலைந்து ஓடினாலும் முகட்டைத் தாண்டும் முன் பல தடவை நின்று திரும்பிப் பார்க்கும். வெள்ளைவால் அப்படிப்பட்ட சலுகை தராது.

ரைஃபிளை விமானத்துல கொண்டு போறேன். ஸீரோ அப்படியே இருக்குமா?

இருக்கும் என்று நம்பாதீர்கள். தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுண்டரில் அறிவித்து, சரக்கு லக்கேஜாக அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்தப் பெட்டி எத்தனை தடவை விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. இறங்கியதும் முதல் வேலை மூன்று தோட்டா சுட்டுப் பார்ப்பது. வீட்டில் ஸீரோ செய்த அதே தோட்டாப் பெட்டியிலிருந்து கொண்டுபோங்கள். அங்கே கடையில் கிடைத்த வேறு பிராண்டை வாங்கினால் ஸீரோவை மறுபடி பார்த்தாக வேண்டும்.

சுட்டேன், மான் துள்ளினது தெரிஞ்சுது. அங்கே போனா எந்தப் புதர்னே தெரியலை.

காட்டில் 60 கெஜம் நடந்தால் இடம் வந்துவிடும். பள்ளத்தாக்கின் மறுபக்கம் போக அரை மணி நேரம் ஆகும், அங்கே போனதும் எல்லாப் புதரும் ஒன்றுபோல இருக்கும். அதனால் சுட்ட இடத்தைவிட்டு நகராமல் முதலில் எதிர்ச்சரிவை ஃபோனில் படம் எடுத்து, மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ட இடத்தையும் விரலால் வட்டமிடுங்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் தூரத்தை அளந்து, திசைகாட்டியின் டிகிரியைக் குறியுங்கள். நீங்கள் உட்கார்ந்த இடத்தில் ஆரஞ்சுத் துணி ஒன்றைக் கட்டிவிட்டுப் போனால், அங்கிருந்து திரும்பிப் பார்த்து அதே தூரம் வருகிறதா என்று அளந்துகொள்ளலாம். கூட ஒருவர் இருந்தால் அவர் இங்கேயே உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்தபடி கையசைத்து வழி சொல்லட்டும்.

தவறவிட்டோம் என்று தோன்றினாலும் போய்ப் பாருங்கள். தூரத்தில் குண்டு பட்ட சத்தமும் மானின் துள்ளலும் ஏமாற்றும். ரத்தமும் முடியும் தரையில் கிடைத்தால் அரை மணி பொறுத்துத் தேடுங்கள். அந்தி வேளையில் இந்த வேலைக்கு நேரமே இருக்காது. இரு மாநிலங்களிலும் சூரியன் மறைந்து அரை மணிவரை மான் சுட அனுமதி உண்டுதான். ஆனால் 280 கெஜத்தில் கடைசி ஐந்து நிமிட வெளிச்சத்தில் சுட்டால், இருட்டில் பள்ளத்தாக்கு இறங்கி ஏறத் தயாராக இருக்க வேண்டும்.

முகட்டு மேல வானத்துக்கு எதிரா நிக்கிற மான் தெளிவாத் தெரியுது. சுடலாமா?

கூடாது. .308 குண்டு தடை இல்லாமல் போனால் இரண்டு மைலுக்கும் மேலே போகும். முகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது தரையே பின்தடுப்பாக இருந்ததால் இதைப் பற்றி யோசிக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. திறந்த நிலத்தில் ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டும்.

கடைசி நாள். என் எல்லை 250. பெரிய கொம்பு மான் 380-ல நிக்குது, விடுறதா?

இந்தக் கேள்வி எல்லோரிடமிருந்தும் வருகிறது, பெரும்பாலும் கடைசியாக. விட வேண்டாம், கிட்டே போங்கள். 130 கெஜத்தைக் குறைத்தால் போதும். காற்று உங்கள் முகத்தில் வீசுகிறதா என்று முதலில் பாருங்கள். மான் தலை குனிந்து மேயும்போது நகருங்கள், தூக்கினால் உறைந்து நில்லுங்கள். முகட்டின் பின்பக்கமாகவோ ஓடைப்பள்ளத்தின் வழியாகவோ சுற்றி வர வழி இருக்கும். வீட்டில் வரைபடத்தில் இழுத்த கோடுகள் உதவுவது இப்போதுதான். படுக்கப்போகும் நேரம் என்றால் படுக்க விடுங்கள். நடுப்பகலில் படுத்த மியூல் மான் பல மணி நேரம் அதே இடத்தில் இருக்கும், நீங்கள் நிதானமாகச் சுற்றி வரலாம்.

கிளம்பும் முன் ஒரு பெரிய அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது மலையே வேறாக இருக்கும். வழியில் கலைந்து போய்விட்டால் போகட்டும். அந்த 250-ஐ வீட்டில் அமைதியாக இருக்கும்போது தட்டு பார்த்து முடிவு செய்தீர்கள்; கொம்பைப் பார்த்த பிறகு அதை மாற்றுவதற்குப் புதிதாக எந்தக் காரணமும் வந்துவிடவில்லை.

எனக்கு நேர் எதிர். கொலராடோவுல பழகினவன், இப்போ பென்சில்வேனியா காட்டுக்கு வர்றேன். ஏதாவது மாத்தணுமா?

ஸ்கோப்பை மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்துக்கொண்டு நடங்கள். 9-இல் வைத்துவிட்டு 25 கெஜத்தில் மான் வந்தால் ஸ்கோப் முழுக்கப் பழுப்பு முடிதான் தெரியும், எந்தப் பகுதி என்று புரியாது. 200 ஸீரோவை மாற்ற வேண்டியதில்லை. காட்டுத் தூரத்தில் ஓரிரு அங்குல வித்தியாசம்தான். நடுவில் வரும் குச்சிகளைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். சுள்ளியில் பட்டால் எந்தக் குண்டும் திசை மாறும், கனமான குண்டு உடைத்துக்கொண்டு போகும் என்பதெல்லாம் கதை. பரணில் ஏறியதும் எந்தெந்த இடைவெளியில் சுட முடியும் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

பென்சில்வேனியாவில் பெரிய விலங்குகளுக்கு அரைத்தானியங்கி ரைஃபிள் கூடாது, போல்ட் அல்லது லீவர் கொண்டுவாருங்கள். மான் ரைஃபிள் பருவத்தில் தலையிலும் நெஞ்சிலும் முதுகிலும் சேர்த்து 250 சதுர அங்குல ஆரஞ்சு நிறம் வெளியே தெரிய வேண்டும். ஆள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 150 கெஜத்துக்குள், அங்கே இருப்பவரின் அனுமதி இல்லாமல் சுடக் கூடாது. கிழக்கில் வீடுகள் நெருக்கம் என்பதால் இது நிஜமாகவே குறுக்கே வரும். ரேஞ்ச்ஃபைண்டரை வீட்டில் வைத்துவிடாதீர்கள்; இந்த 150-ஐ அளக்கத் தேவைப்படும்.